எதிர்வீட்டு நிலையில் இரண்டு துளைகள்

பிள்ளைகளே, எதிர்வீட்டு யூத அம்மாவிடம் ஏன் பொலிஸ் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவன் நான், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவருடைய கதவு நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு கூடு சரிவாகப் பூட்டியிருக்கும். உள்ளே வேத வரிகள் எழுதிய சுருள். யூதர் வீட்டு வாசலில் அது இருக்கும். வேலைக்கு வந்த புதிதில், யாரோ கோணலாகப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்து நான் அதை நிமிர்த்திவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது சரிஞ்சுதான் இருக்கவேணும், மிசியே!” அவர் பிரெஞ்சில் சொன்னதை, ‘ஐயா’ என்று பொருள்படும் ‘மிசியே’யை மட்டும் விட்டு, எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

போன பனிக்காலத்தில் ஒரு காலை, கூடு மாடிப்படியில் கிடந்தது.

“பழைய கட்டடம். விழுந்திருக்கும்” என்றார்.

நிலையைப் பார்த்தேன். திருகாணி தானாகக் கழன்றால் துளை ஒழுங்காக இருக்கும். இங்கே இரண்டு துளைகளிலும் மரம் சிலும்பாய்க் கிளம்பியிருந்தது.

“இது விழேல்லை அம்மா. ஆரோ நெம்பியிருக்கினம்.”

“தெரியும். நான் சொன்னால் பொலிஸ் நம்புமோ?”

அந்த நாட்களில் வானொலியில் ஒரே பேச்சு: யூத வெறுப்பு எது என்று சட்டத்தில் வரையறுக்க வேண்டுமாம், இப்படி நடந்தால் மறைக்காமல் முறையிட வேண்டுமாம். வெறுப்பை எப்படி வரையறுப்பது? அவரிடமே கேட்டேன்.

“அதை என்ன சொல்லிலை எழுதிறது எண்டு எங்கடை ஆக்களே தங்களுக்குள்ளை அடிபடுகினம், மிசியே. ஆனால் நான் சொல்லாட்டி, இது நடக்கவே இல்லை எண்டுதானே ஆகும்? நீங்கள் பாத்ததைச் சொல்லுவீங்களோ?”

உங்கள் அம்மா என்னைக் கிண்டல் செய்யாமல் விடவில்லை. “ஊரிலை பொலிசைக் கண்டு வேலி பாஞ்ச மனுசன், இஞ்சை சாட்சியோ?”

“இஞ்சை பாய வேலி இல்லையப்பா” என்றேன்.

வழக்கமாக நான் உடனே துளையை அடைத்துப் பூச்சும் பூசிவிடுவேன். பொலிஸ் பார்க்கட்டும் என்று அன்று விட்டுவைத்தேன். அந்த அம்மா பொலிசை அழைத்தார். வந்த பொலிஸ் பெண் படம் எடுத்தாள். ஆளைப் பார்க்கவில்லை, துளையைப் பார்த்தேன் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டாள். செய்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

“இனித் திருத்தலாம்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த அம்மாவும் உள்ளே போய்விட்டார்.

கூட்டை நான் தொடவில்லை. அதை அவர்தான் செபம் சொல்லிப் பொருத்த வேண்டுமாம். பழைய துளைகளில் பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் சீவினேன். பிறகு, புதுத் திருகாணிகளுக்கு இடம் குறித்தேன். இந்த முறை சரிவாகவே.