பத்து வருஷ கேரண்டி

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டின் முன்னால் நின்றவளுக்குத் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது, அது தன்னுடையதுதான் என்று. வேறு யாருடைய பெட்டி அப்படி வாயைப் பிளந்துகொண்டு வரும்? ஜிப் ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்துபோய், விமான நிறுவனத்துக்காரர்கள் பெரிய மனசு பண்ணி மஞ்சள் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நைட்டியின் கை வெளியே தொங்கி, நிற்கிறவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் நின்ற கோட்டுக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். போகிற மானம் போகட்டும் என்று அவள் பெட்டியை இழுத்து இறக்கினாள். இறக்கிய வேகத்தில் ஒரு சக்கரம் கழன்று எங்கேயோ உருண்டு போயிற்று. அதைத் தேட அவள் குனியக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிகளில் ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிப் படம் பிடிப்பார்களே, அந்தப் பெரிய ஸ்கேன் இயந்திரம் மக்கர் பண்ணினால் சரிசெய்யப் போகிறவள் அவள். போகிற இடமெல்லாம் 'ஸ்கேன் அக்கா' என்றே பெயர். இன்றைக்கு ஓர் ஊரில் இயந்திரம் படுத்துவிட்டால், நாளைக் காலை விமானத்தில் அவள் அங்கே போய் இறங்க வேண்டும். ஸ்பானரையும் ஸ்க்ரூடிரைவரையும் கையோடு விமானத்துக்குள் விடமாட்டார்கள். எல்லாம் பெரிய பெட்டிக்குள் போய், அது சரக்கோடு சரக்காகக் கீழே போகும். தூக்கிப் போடுகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவா போகிறது, தெரிந்தால்தான் மெதுவாகப் போட்டுவிடுவார்களா? இரும்பு உள்ளேயிருந்து இடிக்க, அவர்கள் வெளியேயிருந்து இடிக்க, மட்டமான பெட்டி எத்தனை நாள் தாங்கும்.

தாங்குகிற பெட்டி எது என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஆபீசில் யார் பெட்டி வாங்கப் போனாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "பளபளப்பைப் பாத்து ஏமாறாதீங்க. மூலைய அமுக்கிப் பாருங்க. உள்ள போயிட்டுத் திரும்ப வந்தா நல்ல ஓடு. விறைப்பா நிக்கறது ஒரே போடுல விரிஞ்சிடும். கைப்பிடிய முழுசா இழுத்து ஆட்டுங்க, கடகடன்னா வெச்சிட்டு வந்துடுங்க. சக்கரம் ஜோடி ஜோடியா இருக்கணும், ஸ்க்ரூ போட்டதா இருக்கணும், அப்பதான் போனா மாத்தலாம்" என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். அவள் சொன்னதைக் கேட்டு வாங்கியவர்கள் ஒரு கீறல்கூட விழாத பெட்டியை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். அவள் மட்டும் கடை வாசலில் தள்ளுபடி அட்டை தொங்கவிட்டு அடுக்கியிருக்கும் குவியலில் ஒன்றை உருவிக்கொண்டு வருவாள்.

கஞ்சத்தனம் என்று ஆபீசில் கேலி பண்ணினார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். உண்மைக் காரணம் அவளுக்கும் அவள் கணவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் முதல் பெட்டி வாங்கப் போனார்கள். "கொஞ்ச நாள் அலைச்சல்தானே. அப்புறம் உன்னை இங்கயே உக்கார வெச்சிடுவாங்க. இதுக்குப் போயி எதுக்கு நல்ல பெட்டி?" என்றான் அவன். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தப் பெட்டி உடைந்தது, அலைச்சல் நிற்கவில்லை. இதோ முடியப்போகிறது என்று சொல்லியே அடுத்ததையும் வாங்கினார்கள், அதற்கடுத்ததையும் வாங்கினார்கள். இப்படியே மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், அம்மாவின் தோளைத் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டாள். மட்டமான பெட்டி ஒன்று வீட்டுக்குள் வந்தால், இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அர்த்தம். நல்லதாக ஒன்றை வாங்கிவிட்டால் இது நிற்கவே போவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தார்கள். படித்தவர்கள் இப்படியும் இருப்பார்களா என்றால், இருந்தார்கள். வாய்விட்டு ஒருநாளும் பேசிக்கொண்டது மட்டும் இல்லை.

அவளுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டால், சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தாலும் பெட்டி கட்டில் ஓரத்தில் திறந்தபடியே கிடக்கும். அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொள்வாள், துவைத்ததை அதிலேயே மடித்து வைப்பாள். அலமாரியில் அவளுக்கென்று இருந்த தட்டு எந்தக் காலத்திலோ கணவனின் சட்டைகளுக்குப் போய்விட்டது. ராத்திரி எழுந்தால் சொந்த அறையிலேயே விளக்கு ஸ்விட்சைச் சுவரெல்லாம் தடவுவாள். ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒவ்வோர் இடத்தில் ஸ்விட்ச் இருந்தால் கைக்குத்தான் என்ன தெரியும்? அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன தடவை வீட்டில் இருந்தபோது நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் அவளைத் தாண்டி, அப்பா வேலை செய்யும் முன்னறை வரைக்கும் போய், "அப்பா, என் கணக்கு நோட்டு எங்கப்பா?" என்று கேட்கிறாள். நோட்டு அம்மாவின் மடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குழந்தைமேல் தப்பே இல்லை, பழக்கம் அப்படி. அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள்.

இந்த முறை நம்பிக்கை கொஞ்சம் பலமாகவே இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க அவர்கள் ஊர் ஆபீசிலேயே ஒரு பிரிவு ஆரம்பிக்கப்போகிறார்கள். அதற்கு ஒரே ஓர் ஆள். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் கேட்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாயைப் பிளந்த பெட்டியோடு அவள் வந்து சேர்ந்தபோது, அலமாரியில் அந்தப் பழைய தட்டு காலியாக இருந்தது. துடைத்து, புதுக் காகிதம் விரித்து வைத்திருந்தான் அவன்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"சட்டையெல்லாம் பழசாயிடுச்சு, கழிச்சுக் கட்டிட்டேன்" என்றான். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவன் அவன். முன்னறைதான் பட்டறை. வாய்க்குள் வைக்கிற பல்லை அத்தனை கச்சிதமாகச் செய்கிறவனுக்கு ஒரு பொய்யைக் கச்சிதமாகச் சொல்ல வராது.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சூட்கேஸ் கடைக்குப் போனாள். அந்த உள்ளூர் வேலை கிடைத்துவிட்டாலும், கையில் எடுத்த வேலையை முடித்துக்கொடுக்க இன்னும் இரண்டொரு பயணம் இருக்கும், அதற்கு ஒரு பெட்டி வேண்டுமே என்றுதான்.

"வாங்கம்மா. உங்களுக்குன்னே வாசல்ல எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். அவளைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இந்தத் தடவையாவது நல்லதா வாங்கும்மா" என்று மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ப்ளீஸ்மா. உடையாததா ஒண்ணு."

"இன்னும் ரெண்டு தடவைதான்டா போவேன். அதுக்கு இது போதும்."

"எப்பவும் இதையேதான் சொல்ற."

உள்ளே ஒருவர் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? போய் மூலையை அமுக்கிக் காட்டினாள், கைப்பிடியை ஆட்டிக் காட்டினாள், கரும்பச்சைப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் நன்றி சொல்லி அதையே வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் நல்ல பெட்டி எடுத்துக் குடுக்கறீங்க. உங்களுக்கு மட்டும் ஏம்மா இந்தத் தலையெழுத்து?" அவள் வாசல் குவியலிலிருந்து ஒரு நீலப் பெட்டியை உருவினாள். அப்போதுதான் போன் அடித்தது. மேனேஜர்.

அவள் கடைக்கு வெளியே போய் நின்று பேசினாள்.

"லீவு நாள்ல கூப்பிடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க அத்தனை பேரும் உங்களத்தான் அனுப்பச் சொல்றாங்க. உங்க இடத்துக்கு நான் யாரைப் போடறது, சொல்லுங்க. இவ்வளவு நல்லா வேலை செஞ்சா நான் என்னதான் பண்ணுவேன்?"

"அப்ப அந்த இடம் யாருக்கு சார்?"

முதுகுவலி என்று இரண்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்த சக ஊழியருக்கு. பாவம், நல்ல மனிதர்தான். அவருக்குப் பெட்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே இவள்தான். கீறல் விழாத அந்தப் பெட்டி இனி அவர் வீட்டில் சும்மா கிடக்கும். நல்ல பெட்டி வாங்கினவர் ஊரில் உட்காரப்போகிறார், வருஷக்கணக்காக ஓட்டைப் பெட்டியாக வாங்கிவாங்கிக் காத்திருந்தவள் பறக்கப்போகிறாள். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. "அடுத்து எப்பவாவது?" என்று கேட்டாள். பார்க்கலாம், இப்போதைக்கு இப்படியே ஓடட்டும் என்றார் அவர். செவ்வாய்க்கிழமை ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நீலப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "அந்தக் கரும்பச்சை இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

மகள் குதிக்காத குறைதான். பெட்டி வந்தது. அவள் மூலையை அமுக்கவில்லை, கைப்பிடியை ஆட்டவில்லை. கடைக்காரர் கேரண்டி அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்தினார். "பத்து வருஷம். நடுவுல என்ன ஆனாலும் கொண்டாங்க, மாத்திக் குடுத்துடறேன். இனிமே நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பத்து வருஷத்தில் மகள் படித்து முடித்து, தானே ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். அதற்கப்புறம் சாயங்காலம் வீட்டில் இருந்துதான் யாருக்கு என்ன? அவள் அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்த கணவனின் கையெல்லாம் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு. அவன் முதலில் பார்த்தது அவளை அல்ல, பெட்டியை. சத்தமே போடாத சக்கரங்களோடு அது வாசலில் வந்து நின்றது. அவன் முகம் விழுந்துபோனதை அவள் பார்த்தாள்.

"பத்து வருஷம் கேரண்டிப்பா" என்றாள் மகள்.

"அப்படியா" என்றான். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். "யாருக்குக் குடுத்தாங்க?"

"முதுகுவலிக்காரருக்கு."

"ம்." பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல பெட்டிதான்" என்றான். அவள் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. பெட்டியைக் கூடத்தில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏதாவது உடைஞ்சிருக்கும். அப்பாவும் நீயும் உக்காந்து ஒட்டுவீங்க. இல்லாட்டி சனிக்கிழமை கடைக்குப் போவோம். பாதி லீவு பெட்டிக்கே போயிடும். இனிமேதான் உடையாதே. லீவு முழுக்க நீ என்கூட வீட்லயே இருக்கலாம்ல."

இத்தனை வருஷமும் தானும் அவனும் சேர்ந்து எதைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வராத சாயங்காலங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கையில் இருந்த சனிக்கிழமைகளைக் கடையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஆமாண்டா" என்றாள். கணவன் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து அறைக்குள் போனாள். கட்டில் ஓரத்தில் டேப் சுற்றிக் கிடந்த பழைய பெட்டியிலிருந்து புடவை, சட்டை, நைட்டி என்று எல்லாவற்றையும் எடுத்து, காலியாக இருந்த அந்தத் தட்டில் ஒன்றுவிடாமல் அடுக்கினாள். மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அடுக்கி முடித்ததும், ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, புதுப் பெட்டியைக் காலியாகவே பரணில் தள்ளினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பெட்டி பரணுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அறை வாசலில் வந்து நின்ற கணவன், "செவ்வாக்கிழமை போகணும்னு சொன்னியே. மறுபடி எறக்கணுமே" என்றான்.

"எறக்கிக்கலாம்" என்றாள். "அதுவரைக்கும் மேல இருக்கட்டும்."