அம்பில்லாத கடல்

பனியன் கம்பெனியில் ஷரீபுன்னிசாவைக் கழுகுக்கண் என்பார்கள். செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ எண்ணெய்க்கறையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு இல்லாத பீஸ் நல்ல பீஸ், நேரே அயர்னுக்குப் போய்விடும். பதினோரு வருஷமாக இதே பாடம். தூக்கத்தில்கூட அவள் விரல் ஸ்டிக்கர் ஒட்டும், போங்கள்!

புருஷன் ஜமாலுக்குத் திருப்பூர்ச் சாயத்தண்ணி வாடை ஒத்துக்கொள்ளவில்லை. கடலோரத்துச் சொந்த ஊரிலேயே ஃபைபர் படகும் வலையுமாக இருந்துவிட்டான். அந்தக் கரையில் ரேடார் கம்பங்களை நட்டபோது, "கரையில நின்னே கடலுக்கு நாடி பாக்குதாம் புள்ள" என்று சிரித்தான். நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறதென்று அந்தக் கருவி அளக்கும். போனில் கடல் படத்தின்மேல் குட்டிக்குட்டி அம்புகளாக வரும். ஜமாலிடம் பட்டன் போன்தான். அதனால் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பார்த்துச் சொல்வாள், அவன் வலை விடப் போவான்.

ஆடியில் ஒருநாள் அவன் குரலே சரியில்லை. "காத்து ஒரு மாதிரியா இருக்கு. போகவா, வேணாமா? நீயே சொல்லு."

படத்தைத் திறந்தாள். ஓட்டம் குறைந்த நாளில் அம்பு சிறுத்திருக்கும். அன்றைக்கு அவன் ஊருக்கு நேரே ஓர் அம்புகூட இல்லை. அப்படியானால் இன்னும் நல்லதுதானே!

"கடல் சும்மாக் கெடக்கு மச்சான். தைரியமாப் போங்க."

மறுநாள் காலைவரை அவன் திரும்பவில்லை. செக்கிங் மேசையில் நின்று திரும்பத் திரும்பப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளிடமிருந்து சூப்பர்வைசர் ஜனனி போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, கீழ எழுதியிருக்குதுங்களே. ஒரு கம்பம் நின்னுபோச்சுன்னா அந்த எடத்துல ஒண்ணுமே காட்டாதுங்களாம். நேத்துலிருந்து அங்க அளக்கவே இல்லீங்க."

ஷரீபுன்னிசா போனைத் திரும்ப வாங்கி அந்த வரியைப் படித்தாள். பார்க்காத பீஸை நல்ல பீஸென்று அனுப்பிவிட்டாள், பாவி மகள்.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. வலை பாறையில் மாட்டிக்கொள்ள, ஓட்டம் படகைப் புரட்டிவிட்டதாம். அடக்கம் முடிந்து வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜமாலின் தாய் மகனைத் திட்டித் திட்டி அழுதார்.

"தெனமும் உங்கிட்டக் கேட்டுட்டுத்தானே போவான் நாசமாப் போனவன்! அன்னிக்கு மட்டும் என்ன அவசரம் அவனுக்கு? கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

எல்லாரும் ஆமென்று தலையாட்டினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செத்தவன்மேல் பழி விழுவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"கேட்டாரு மாமி. போகாம இருக்கலாம்னுதான் கேட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்."