ரயில் வராத ஸ்டேசனில் சபூறா

சபூறாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்முனைக்குடியில் அவளை அறிந்த எவரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, பக்கத்து வளவில் ஆடு குட்டி போட்டதைப் பார்க்க ஓடுவாள். அங்கிருந்து புதிதாகத் தையல் மெசின் வந்திருக்கும் வீட்டுக்கு. திரும்பி வரும்போது சோறு அடிப்பிடித்துக் கிடக்கும். அவள் புருசன் றஸாக், மருதமுனைப் புடவைகளைப் பொட்டணியாகக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பில் ரயிலேறி, பொலன்னறுவைப் பக்கத்து ஊர்களில் விற்கிறவன். "பொட்டணிய உன்ட தலையில வச்சி அனுப்பிப்போட்டு நான் வீட்ட இரிந்திரிக்கலாம்" என்பான். அதையும் அந்தத் தீய்ந்த சோற்றைத் தின்றுகொண்டேதான் சொல்வான். கோபம் என்ற ஒன்று அந்த மனுசனுக்கு வராது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வந்தபோது அவன் வியாபாரத்துக்குப் போயிருந்தான். குளங்கள் உடைந்தன. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. மட்டக்களப்புக்கு ரயில் வருவது நின்றது. அவனோடு போன மற்ற வியாபாரிகள் தோணியிலும் லொறியிலும் கால்நடையாகவும் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். றஸாக் வரவில்லை.

தை மாதமும் பிறந்தது. தெருப் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவள் றாபியா வந்து, "இனி வெள்ளைப் புடவையக் கட்டிட்டு இத்தா இரி புள்ள" என்று சொல்லியே விட்டாள். புருசன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் உள்ளே இருக்கிற கடமை அது. சபூறா கடமைக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் போய் உட்கார்ந்தால், அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"மவுத்தெண்டு ஆரு கண்ட? மையத்த ஆரு கண்ட?" என்று கேட்டாள்.

சாவைக் கண்டவரும் இல்லை, உடலைக் கண்டவரும் இல்லை. அவளே மேலும் சொன்னாள்:

"நான் மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் போய்ப் பாக்கணும். அங்கதான் அவர் வந்து இறங்குற."

ரயிலே வராத ஸ்டேசனில் எவன் வந்து இறங்குவான்? பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவள் காக்கா என்று கூப்பிடுகிற மூத்த சகோதரன் ஷரிபுதீன் மட்டும், "கேட்டுட்டாள், கூட்டிப் போறன்" என்றார். பசாரில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் அவர். பெருநாளன்றுகூட மத்தியானத்துக்குப் பிறகு கடையைத் திறந்துவிடுகிற மனுசன். அவர் இப்படி உடனே ஒத்துக்கொண்டது எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. சபூறா வியக்கவில்லை. பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, அவருக்கு முன்பே தெருவில் இறங்கி நின்றாள்.

கொஞ்சம் லொறியில், கொஞ்சம் நடையில், கல்லடிப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஸ்டேசனில் ஈ காக்கை இல்லை. டிக்கட் கொடுக்கிற ஜன்னல் பூட்டிக் கிடந்தது. தண்டவாளத்தில் துரு ஏறி, சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. மேடையில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய கட்டடம் இப்படி வாயடைத்துக் கிடப்பதைப் பார்க்கவே சபூறாவுக்கு ஆத்திரம் வந்தது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மேடையோரம் ஒரு ரயில் பெட்டி தனியாக நின்றது. ஏறி, உட்காரும் ஒவ்வொரு வாங்கின் கீழும் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

சத்தம் கேட்டுக் காவல்காரர் கிறகரி சாவிக் கோர்வையோடு வந்தார்.

"ஆரைத் தேடுறீங்க, தங்கச்சி?"

சொன்னாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"வெள்ளத்துக்குள்ள கொஞ்சச் சனம் இஞ்ச தங்கினது. பொட்டணிக்காரரும் ரெண்டொருத்தர் இருந்தவங்க. பேரெல்லாம் ஆருக்குத் தெரியும்?"

அது போதும் சபூறாவுக்கு. மூன்றாம் வகுப்புக் காத்திருப்பு அறையைத் திறக்கச் சொன்னாள். அடுப்புக் கல், சாம்பல், கிழிந்த பாய், ஒரு குழந்தைச் செருப்பு. மூலையில் கிடந்த துணித்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மருதமுனை நெசவு அல்ல. பெண்கள் அறைக்கு ஓடினாள். அங்கே வௌவால் எச்சம்தான். அடுத்து சாமான் கொட்டகை. மழையில் ஊறிப் பெருத்த கதவு அசைய மறுத்தது. கிறகரி தோளைக் கொடுத்தார், இவளும் தள்ளினாள்.

"காக்கா, ஒருக்கா வந்து புடிங்களன்."

ஷரிபுதீன் வரவில்லை. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, குடையை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த அறைக்குள்ளும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. கிறகரியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கடையில் ஒரு கரண்டி தொலைந்தாலே எல்லாவற்றையும் கிளறிப் போடுகிறவர். சபூறா கதவை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"காக்கா, நீங்க ஏன் தேடல்ல?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஓட்டமாவடியில அடக்கியாச்சி புள்ள" என்றார். "வெள்ளத்துக்குத் தப்பி, அங்க வரைக்கும் நடந்து வந்திரிக்கார். அங்க புடவ வாங்குற ஆக்கள்ர வீட்ட காய்ச்சலாக் கிடந்திரிக்கார். சொல்லியனுப்பினாங்க. போன கிழம கடைக்குச் சீனி வாங்கப் போறனெண்டு சொல்லிட்டுப் போனது அங்கதான். நான் போகக்குள்ள மவுத்தாகிட்டார். நிண்டு அடக்கிட்டு வந்தன்."

"வீட்ட வச்சிச் சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா அந்த நேரமே உன்ன உள்ளுக்கு இருத்திருவாங்க. நீ இங்க வந்து பாக்கணுமெண்டு நிண்டாய். ஒருக்காப் பாத்துட்டுத் தெரிஞ்சிக்கட்டும் எண்டு நினைச்சன். புறகு எனக்கு வாய் வரல்ல."

சபூறா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை கூரைத் தகரம் வரைக்கும் போயிற்று. கிறகரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார். அவளுக்கு உலகமே பொறுக்கவில்லை. வெள்ளத்தின் மேல், ஊரின் மேல், முன்னாலிருந்த காக்காவின் மேல், எல்லார் மேலும் கோபம் வந்தது. அழுது ஓய்ந்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

"ஓட்டமாவடி எந்தப் பக்கம்?"

கிறகரி தண்டவாளம் போகிற வடக்கைக் காட்டினார்.

"நாளைக்கு வீட்ட வந்து இத்தா இரிக்கன், காக்கா. ஒரு நாளும் குறைக்க மாட்டன். இண்டைக்கு அங்க போவம்."

"பொம்புளையள் மையவாடிக்குப் போறல்ல புள்ள."

"உள்ளுக்கு வரல்ல. வேலிக்கு வெளிய நிக்கன்." அவள் எழுந்து நின்றாள். "அவர் அங்க வரைக்கும் வந்திட்டார். மிச்சத் தூரம் நான் போறன்."

ஷரிபுதீன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.