எந்த எழுத்தைக் குத்துவது

என் மேசை இழுப்பறையில் ஒரு குத்தூசி இருக்கிறது. கைக்குள் அடங்கும் மரப்பிடி, அதில் நான்கு அங்குல இரும்பு முள். தாள்களைத் துளைத்து நூல் கோத்துக் கோப்பாகத் தைப்பதற்கு அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் வைத்திருந்தது. ஓய்வு பெற்ற அன்று, அலுவலகப் பொருள் எதுவும் என் வசம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அது பொய். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் தெரிந்தே நான் கொடுத்த ஒரே பொய்ச் சான்று அதுதான் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

குத்தூசி எங்கள் பிரிவின் தஃப்தரியம்மாவுடையது. கோப்புகளைத் தைத்து, கட்டி, அடுக்கி வைக்கும் ஊழியரைத் தில்லி அலுவலகங்களில் தஃப்தரி என்பார்கள். அவர் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். கணவர் சிப்பாய், அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரில் இறந்தார். அதற்காகக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. கிட்வாய் நகரில் என் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு வரிசை தள்ளி, ஒரு குடும்பத்தின் பின்னறையில் மகளோடு குடியிருந்தார். மகள், மோதி பாக் பகுதியிலிருந்த தமிழ்ப் பள்ளியில் படித்தாள்.

எங்கள் பிரிவின் வேலை, போரில் இறந்த அல்லது ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகைகளைக் கவனிப்பது. பள்ளிச் சம்பளம், விடுதி, புத்தகம், சீருடை, மருத்துவக் கல்லூரிகளில் ஒதுக்கப்பட்ட சில இடங்கள். சலுகை கொடுக்க அரசுக்கு மனமிருந்தது. வாங்குபவர் உண்மையிலேயே வாங்கத் தக்கவர்தானா என்று பார்க்க நான் இருந்தேன். விதிப் புத்தகத்தின் பத்தி எண்ணைச் சொன்னால் வாசகத்தைச் சொல்வேன். எங்கள் பிரிவு அதிகாரி ஒரு பஞ்சாபி. சிக்கலான கோப்பு வந்தால் “மதராசி பாபு ஸே பூச்சோ”, மதராசி பாபுவைக் கேள், என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து ஆண்டுகள் தஃப்தரியம்மா ஊரார் பிள்ளைகளின் சலுகைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். தன் மகளுக்காக எதுவும் கேட்டதில்லை. பெண் பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் பெரிதாக இல்லாததால் கேட்கும் தேவையும் வரவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் தேவை வந்தது. அப்பா போரில் இறந்தவர் என்றும் இவள் அவருடைய மகள் என்றும் படையின் ஆவண அலுவலகம் சான்று தர வேண்டும். முதல் பாதிக்குச் சான்று வந்தது. இரண்டாம் பாதிக்கு, மேற்படி வீரருக்குக் குழந்தை இருந்ததாகத் தங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிப்பாய்க்குத் திருமணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் அவரே தன் படைப்பிரிவில் தெரிவித்து, அது ஆணையாக வெளிவர வேண்டும். வெளிவராதவரை குழந்தை பிறக்கவில்லை. இந்தக் குழந்தை ஆகஸ்டில் பிறந்தது. அப்பா செப்டம்பரில் இறந்துவிட்டார். இடையில் அவருக்கு வேறு வேலை இருந்தது.

தஃப்தரியம்மா அந்தப் பதிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இன்னா சார், எம் பொண்ணு இல்லன்றாங்களா?”

“பொண்ணு இல்லன்னு சொல்லலம்மா. அவங்க ரெகார்டுல இல்லன்னு சொல்றாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

ஒன்றல்ல என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைவு.

கடைசித் தேதிக்கு இருபத்து நான்கு நாட்கள் இருந்தன. முன்தேதியிட்டுப் பிறப்பைப் பதிவு செய்யக் கோரி, ஏழு விதிகளை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் கைப்பட எழுதியவற்றில் சிறந்தவை என்று இரண்டு மூன்றைச் சொல்லலாம். அது அவற்றில் ஒன்று. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவுக்கான விண்ணப்பத்தில் சம்பந்தப்பட்ட வீரர் தாமே கையொப்பமிட வேண்டும். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. விதிப்படி அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. மிச்சமிருந்தவை பத்து நாட்கள்.

வழியைக் கண்டுபிடித்தது நானல்ல. தஃப்தரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கோப்புகளை அவர் கைக்கணக்கில் அறிந்திருந்தார். எது தடிமன், எதில் எண்ணெய்க் கறை, எதில் நூல் மாற்றினார் என்று சொல்வார். பதில் வந்த மறுநாள் மதியம் என்னிடம் வந்து, “சார், முன்ன ஒரு ஃபைல்ல நீல இன்லேண்டு லெட்டரு ஒண்ணு தச்சேன். அதுவும் நம்மள மாதிரி ஒரு பொம்பளதுதான். லெட்டர இன்னாத்துக்கு ஃபைல்ல வச்சீங்க?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அவர் பரண் மீதிருந்த கட்டுகளில் ஒன்றரை நாள் தேடி, தூசியோடு அதைக் கொண்டுவந்து போட்டார். குழந்தை பிறந்ததை ஒப்புக்கொண்டு வீரர் தம் கைப்பட எழுதிய கடிதம் இருந்தால் அதையே விண்ணப்பமாகக் கொள்ளலாம் என்று தில்லியிலிருந்த படைத் தலைமையகம் அந்தக் கோப்பில் முடிவு செய்திருந்தது. குறிப்பின் கீழே என் சுருக்கொப்பமும் இருந்தது.

அப்படியொரு கடிதம் அவரிடமும் இருந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்து மறுநாள் எடுத்து வந்தார். மகள் பிறந்த செய்திக்குக் களத்திலிருந்து கணவர் எழுதிய மறுமொழி. அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதம். ‘பொண்ணு பொறந்த சேதி தெரிஞ்சுது. பேரு நான் வந்து வெக்கிறேன். அதுக்குள்ள உங்க அம்மா எதனா வெச்சிடப் போறாங்க. அது வரிக்கும் பாப்பான்னே கூப்பிடு.’ மகளுக்குப் பள்ளியில் ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அன்றுவரை பாப்பாதான். ஆங்கில மொழிபெயர்ப்பை நானே செய்து இணைத்தேன். பெண் குழந்தை பிறந்த தகவல் பெறப்பட்டது, பெயர் பின்னர் தெரிவிக்கப்படும் என்று அது முடிந்தது.

மூலத்தைக் கோப்பில் தைத்தாக வேண்டும். உதிரித் தாளாக அனுப்பினால் தொலையும். தொலைந்தால் யார் பொறுப்பு? அதைச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து கோப்பைப் பலகைமேல் வைத்து, கடிதத்தை விரித்து, குத்தூசியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே இருந்தார். படைவீரர்கள் இன்லேண்டு தாளில் இடம் விட மாட்டார்கள். ஓரம், மடிப்பு, பசை தடவும் நாக்கு வரை எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கான தாள்களைப் பார்க்காமலே குத்தியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த எழுத்த குத்தறது சார்?”

அதற்கு விதி இல்லை. இடப்பக்க மேல் மூலை என்று மட்டும் சொன்னேன். அந்த மூலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தது. “புள்ளையாரு தாங்கிக்குவாரு” என்று சொல்லிவிட்டு, முள்ளை அதன் நடுவில் இறக்கினார்.

ஐந்தாம் நாள் படைத் தலைமையகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. பதினேழு ஆண்டு முன்தேதியிட்டு அந்தப் பெண் பிறந்தாள். கடைசித் தேதிக்கு முதல்நாள் சான்று போய்ச் சேர்ந்தது, இடம் கிடைத்தது. பிரிவு முழுவதற்கும் தஃப்தரியம்மா லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு. கொடுத்துவிட்டு, கடிதத்தை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். கோப்பில் தைத்த தாளைப் பிரிக்கக் கூடாதென்றும், அங்கேதான் பத்திரமாக இருக்குமென்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

ஆறேழு ஆண்டுகள் கழித்து, காலம் முடிந்த கோப்புகளைக் கழிக்க உத்தரவு வந்தது. பட்டியல் தயாரித்தவன் நான். கட்டுகளைக் கட்டியவர் அவர். ஒரு வெள்ளிக்கிழமை, கட்டாத ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன் நின்றார். அதன் எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“சார், எப்படியும் கிழிக்கத்தானே போறாங்க. இதுலேர்ந்து அந்த ஒரு தாள எடுத்துக்கட்டுமா?”

கழிவுப் பட்டியலில் ஏறிய கோப்பிலிருந்து தாளை எடுக்க மேலிட ஒப்புதல் வேண்டும். மறுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றே குறிப்பெழுதி, பரிந்துரைத்து, மேலே அனுப்பினேன். கோப்பைக் கட்டில் வைக்கச் சொன்னேன். பட்டியலும் கட்டும் ஒத்துப்போக வேண்டுமே. செவ்வாய்க்கிழமை லாரி வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கடுத்த வாரம் ஒப்புதல் வந்தது. தெளிவான, நல்ல ஆணை. கோரியபடி அனுமதிக்கப்படுகிறது.

அதை அவரிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. “ஆர்டர் வந்துடுச்சா சார்? குடுங்க, தச்சி வைக்கிறேன்.” வாங்கிக்கொண்டு போய்த் தைத்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்தத் தாளை அவர் கேட்காமலே எடுத்திருக்கலாம். கட்டு அவர் கையில்தான் இருந்தது. ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். எதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். ஒப்படைத்த பொருள்களின் பட்டியலில் குத்தூசி ஒன்று என்று நானே எழுதினேன். “உங்களாண்டயே இருக்கட்டும் சார், இனிமே எல்லாம் மெஷினாமே” என்று சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் இறந்தும் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

மகள் இப்போது ஓய்வூதியர்களுக்கான அரசு மருந்தகத்தில் டாக்டர். மாதம் ஒருமுறை என் ரத்த அழுத்தத்தை அவள்தான் பார்க்கிறாள். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. போன மாதம் வெளியில் எடுத்த பரிசோதனைக்குப் பணம் திரும்பக் கோரும் தாள்களைக் கொண்டுபோனேன். வரிசைப்படி அடுக்கி, மேலே மூல அறிக்கையை வைத்திருந்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்து, மூலத்தை மட்டும் உருவி என் கையில் கொடுத்தாள்.

“அச்சா அங்கிள், இத நீங்களே வச்சுக்கோங்க. ஜெராக்ஸ் போதும்.”

“ரூல்படி ஒரிஜினல்தாம்மா வாங்கணும்.”

“மாலூம் அங்கிள், ரூல் தெரியும். அதான் ஒரிஜினல பாத்துட்டேனே.”

அடுத்தவரைக் கூப்பிட்டாள். நான் வெளியே வந்தேன்.

வீட்டில் வைத்துக்கொள்ள இன்னொரு நகல் எடுத்திருந்தேன். மூலத்தைத் தனியே வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து குத்தூசியை எடுத்து, அந்த நகலை என் கோப்பில் வைத்தேன். இடப்பக்க மேல் மூலையில் எழுத்தே இல்லாத வெள்ளை இடம் நிறைய இருந்தது. குத்துவதற்கு முன் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.