குதிரைக்குக் கேட்ட வைக்கோல்

எழுபதுகளின் தொடக்கம். கிண்டி குதிரை லாயத்திலிருந்து ஒருவர் லாரியோடு வைக்கோல் வாங்கப் பொன்னேரி தாண்டி எங்கள் ஊருக்கு வந்ததுமே எனக்குச் சந்தேகம். வழியில் இல்லாத வைக்கோலா? அவர் சொன்ன காரணம் அதைவிடப் பெரிய கதையாக இருந்தது.

"குதிரை கப்பல்ல சீமைக்குப் போவுதும்மா. பல தேசத்துக் குதிரைங்க புல்லுத்தரை மேல ஓடுற பெரிய பந்தயம். அந்த ஊரு வைக்கோலு ஒத்துக்காது, அதான் இங்கேர்ந்தே எடுத்துக்கினு போறோம்."

"ஓடுறதுக்கு இங்க புல்லே இல்லியா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

லாயத்தில் வைக்கோலைக் குதிரையின் காலடியில் விரிப்பார்களாம், விரித்ததை அது தின்றும் வைக்குமாம். அதனால் கட்டுக் கட்டாக முகர்ந்து பார்த்தார் அந்த மனிதர். "மருந்து கிருந்து அடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு கெடையாது, நைனா" என்றார் என் வீட்டுக்காரர்.

பொய் சொன்னால் இவர் துண்டை உதறித் தோளில் போடுவார். போட்டார். அறுப்புக்குப் பத்து நாள் முன்பு பயிரில் புகையான் பூச்சி விழுந்தது. இவர் என்னத்தையோ கரைத்து அடித்தார். கேட்டதற்கு வேப்பம்புண்ணாக்கு என்றார். வேப்பம்புண்ணாக்கு சட்டையில் அப்படியா நாறும்? அறுப்பன்று வயலில் ஒரு கொக்கும் இறங்கவில்லை. அறுத்து இருபது நாளாகியும் மாட்டுக்குப் பழைய போரையே உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான், துருவிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லாயத்துக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "அப்போ ஒரு புடி உங்க மாட்டுக்குப் போடுங்க, பாக்கறேன்."

எங்கள் வீட்டில் புது வைக்கோலின் முதல் பிடி கறவை மாட்டுக்குத்தான். அந்த வழக்கத்தை இவர் ஒருநாளும் மீறியதில்லை. இவர் பிடியோடு தொழுவத்துக்குள் போக, கறவை கழுத்தை நீட்டியது. அதைத் தாண்டிப் போனார். மூலையில் நின்ற மாட்டின் முன்னால் போட்டார். பால் வற்றிய மாடு. என் பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த மாடு.

ஓடிப்போய் அதன் வாயிலிருந்தே பிடுங்கினேன்.

"இந்த வைக்கோலு குதிரைக்கு வாணாம்ணே. லாரிய எடுத்துக்கினு போங்க" என்றேன் லாயத்துக்காரரிடம்.

லாரி காலியாகத் திரும்பியது.

"ஊட்டக் காட்டிக் குடுத்துட்டியே" என்று குதித்தார் இவர்.

"கறவைய உட்டுட்டு எம் மாட்டுக்கு ஏன் போட்டீங்க? அத்த மொதல்ல சொல்லுங்க" என்றேன்.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.