இருபத்தாறு வயதில் பணி நிறைவு

கௌதம்ராஜ் சேத்தூர்க்காரன். தொழில், கால்பந்து. எங்கள் பக்கம் இப்படிச் சொன்னால், 'அது சரி, வேலை என்ன?' என்று அடுத்த கேள்வி வரும். அவன் அப்பா ஆவுடையப்பன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மகனுடைய சம்பளம் மாசாமாசம் பேங்க்கில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், பெண் பார்க்கப் போன வீட்டில் "பையன் வடக்க ஒரு கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொன்னார். கம்பெனியில் என்ன செய்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தடுக்கான்" என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கௌதம்ராஜ் லெஃப்ட் பேக். இடது ஓரத்தில் நின்று வருகிறவனைத் தடுப்பது அவன் வேலை. வடக்கே ஒரு நகரத்துக் கிளப் அவனை மூன்று வருஷத்துக்கு எடுத்திருந்தது. ஒப்பந்தம் இருபத்து மூன்று பக்கம். அதில் சம்பளம் போட்டிருந்த ஒரு பக்கத்தை மட்டும் அவன் வாசித்திருந்தான். மற்ற இருபத்திரண்டும் ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் பைக்குள் நிம்மதியாக இருந்தன.

ஒப்பந்தம் முடியப் பதினாலு மாதம் இருக்கும்போது வலது முட்டி போனது. யாரும் இடிக்கவில்லை. பந்து வந்தது, திரும்பினான், உள்ளே ஏதோ அறுந்தது. தசைநார் கிழிந்துவிட்டது, ஊருக்குப் போய் ஓய்வெடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கிளப் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டது. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டையோடு வந்து இறங்கினவனைப் பார்த்து எல்லாரும் கேட்டது, "எவன்லே அடிச்சான்?" யாரும் அடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. முதல் வாரம் ஆறடி உயர ஃபார்வர்டு ஒருத்தன் இடித்ததாகச் சொன்னான். மூன்றாவது வாரம் அந்த ஃபார்வர்டு ஏழடிக்கு வளர்ந்திருந்தான். சத்திரப்பட்டியிலிருந்து சொந்தக்காரர் ஒருவர், அங்கே நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு பண்டல் கொண்டுவந்து கொடுத்து, கிழிந்தது எதுவானாலும் இறுக்கிக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று தைரியம் சொன்னார்.

மதுரை டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், பைக் ஓட்டலாம், சம்பளத்துக்கு ஆடுகிற அளவுக்கு இந்த முட்டி இனித் தாங்காது என்றார். கௌதம்ராஜ் இதை ஒரே ஒருத்தனிடம் சொன்னான். கண்ணுச்சாமியிடம்.

கண்ணுச்சாமி அவனோடு பள்ளிக்கூட டீமில் கோல்கீப்பராக நின்றவன். இப்போது சேத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மினி பஸ் ஓட்டுகிறான். அந்த மாதம்தான் அவனுடைய தாய்மாமன் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆகி, மேளம், சால்வை, பிரியாணி என்று விழா முடிந்திருந்தது. எங்கள் ஊர்களில் ஒரு மனிதன் வேலையை விட்டு வந்தால் அவனைச் சும்மா வீட்டுக்குள் விடமாட்டார்கள். பேனர் கட்டி, மாலை போட்டு, வாசல் வரை கொட்டு அடித்துக் கொண்டுவிட்டால்தான் அவன் முறையாக வேலை பார்த்தவன். கண்ணுச்சாமிக்கு இது உறுத்தியிருக்கிறது. மாமனுக்குச் செய்தோம், நண்பன் என்றால் கேவலமா என்று நினைத்திருக்கிறான். நினைத்தவன் நேரே ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தான்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். "மாமாவுக்கு அடிச்ச மாதிரியே அடி. வாசகம் மட்டும் நீ கொஞ்சம் நல்லா எழுது, உனக்குத்தான் அந்தக் கிறுக்கு உண்டே" என்றான். மாமாவின் ஃபைலைத் திறந்தேன். படத்தை மாற்றினேன், பெயரை மாற்றினேன். 'தென்பாண்டியின் தகரா மதிலே' என்று ஒன்று. 'இந்திய அணியின் இடது தூணே' என்று இன்னொன்று. இவன் இந்திய அணிக்கு ஆடவில்லையே என்று மெதுவாகக் கேட்டேன். "ஆடியிருக்க வேண்டியவன்தானே" என்றான். ஃப்ளெக்ஸில் இது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

பத்துக்கு இருபது அடி. மேலே பெரிதாக 'பணி நிறைவு பாராட்டு விழா'. கீழே நாற்பத்தோரு தலைகள். ஃப்ளெக்ஸை யாரும் வாசிப்பதில்லை. அவனவன் தன் தலையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவான்.

பாராட்டப்படுகிறவனுக்கு விஷயம் தெரியாது. ராஜபாளையத்தில் பிசியோதெரபி முடித்துவிட்டுக் கண்ணுச்சாமியின் மினி பஸ்ஸிலேயே வந்தவனை, இறங்கும் இடத்தில் மேளம் பிடித்துக்கொண்டது. கட்டையை விட்டால் விழுந்துவிடுவான். அதனால் மாலையைத் தடுக்கவும் முடியவில்லை, சால்வையைக் கழற்றவும் முடியவில்லை. பதினோரு சால்வை. மாசி மாத வெயில். மைக்கை அவன் வாய்க்கு நேரே ஒருத்தர் பிடித்தார். "எல்லாருக்கும் நன்றி, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான். கண்ணுச்சாமி அதை வீடியோ எடுத்து, ஃபயர் எமோஜி நாலு போட்டு இணையத்தில் ஏற்றினான்.

ஒன்பதாம் நாள் கிளப்பிலிருந்து மெயில் வந்தது. கௌதம்ராஜின் தங்கை அனுசியா வாசித்துச் சொன்னாள். தாங்கள் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றதை அறிந்து கிளப் பெருமை கொள்கிறது. தங்கள் முடிவை மதித்து ஏற்கிறது. பதினாலாவது ஷரத்தின்படி, ஆட்டக்காரர் தாமாக ஓய்வு பெற்றால் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது, பாக்கி எதுவும் இல்லை. வாழ்த்துகள். கூடவே ஒரு படம் இணைத்திருந்தார்கள். எங்கள் பேனர்.

அன்றுதான் அந்த வீட்டில் இருபத்து மூன்று பக்கமும் வாசிக்கப்பட்டன. காயத்தால் கிளப் அவனை விலக்கினால், காயம்பட்ட நாளிலிருந்து மீதிப் பதினாலு மாதச் சம்பளமும் ஆபரேஷன் செலவும் கிளப் தர வேண்டும். அவனாகப் போனால் வாழ்த்து மட்டும். ஆபரேஷனுக்கு மதுரையில் தேதி வாங்கியாகிவிட்டது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தேதியே வாங்கினார்கள்.

கண்ணுச்சாமியின் மினி பஸ் இரண்டு நாள் சேத்தூர் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கிளப் முதலாளி எந்த ஊர் என்று மட்டும் சொல், போய் அவிய காலில் விழுகிறேன் என்றான். கௌதம்ராஜ் அவனைத் திட்டவில்லை. "நீ கோல்கீப்பரா நின்னப்பவும் இப்படித்தாம்லே. பந்தைப் பிடிச்சு நம்ம கோலுக்குள்ளயே போடுவ" என்றான். அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் வக்கீல் தேவகிருபை இருக்கிறார். மோட்டார் விபத்து வழக்கில் பேர் போனவர். கை கால் சம்பந்தப்பட்டது என்பதால் ஆவுடையப்பன் அங்கேதான் கூட்டிப்போனார். பேனர் அடித்தவன் என்ற முறையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வக்கீல் முட்டியைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"வண்டி இல்லக்கா."

"நிக்காமப் போயிட்டானா?"

"வண்டியே இல்லக்கா. நானாத்தான் திரும்புனேன்."

அவர் பேனாவை மூடினார். பிறகு ஒப்பந்தத்தை வாங்கி, ஒரு மத்தியானம் முழுக்க, எங்களை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வாசித்தார். கடைசியில் பேனர் படத்தைக் கேட்டார். செல்போனில் விரலால் விரித்து விரித்து, மதில், தூண் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார். நாற்பத்தோரு தலைகளுக்கு மேலே, மஞ்சள் பட்டையில் இருந்தது: '38 ஆண்டுகள் அப்பழுக்கற்ற பணி.'

மாமாவுடைய வரி. எடுக்க மறந்திருக்கிறேன். ஊரே அந்த பேனருக்குக் கீழே நின்று சாப்பிட்டிருக்கிறது, ஒருத்தருக்கும் கண்ணில் படவில்லை. எனக்கு அந்த பெஞ்சுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. வக்கீலோ என்னைப் பேரன் பேத்தியோடு நல்லா இருக்கச் சொல்லி வாழ்த்தினார்.

அவர் கிளப்புக்கு எழுதிய பதில் ஒரு பக்கம்தான். தாங்கள் ஆவணமாக இணைத்த பேனரை எங்கள் கட்சிக்காரரும் முழு மனதோடு ஆவணமாக ஏற்கிறார். அதன்படி அவர் இந்திய அணியின் தூண். ஒன்பதாவது ஷரத்தில் இந்திய அணிக்குத் தேர்வானால் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகையை உடனே அனுப்பவும். மேலும் அவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணி செய்திருக்கிறார். அதாவது பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே தங்களிடம் சேர்ந்திருக்கிறார். அந்த நியமன உத்தரவின் நகல் எங்களிடம் இல்லை, தங்களிடம் இருந்தால் தரவும்.

கிளப் பதில் எழுதவில்லை. விஷயம் கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழுவுக்குப் போனது. தேவகிருபையின் மாடியிலேயே லேப்டாப்பில் விசாரணை. குழுத் தலைவர் மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும். கிளப்பின் வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கீழே அவர் என்ன போட்டிருந்தார் என்பது தெரியவில்லை. அந்தப் பகுதியில் இப்படி மிகைப்படுத்தி எழுதுவது வழக்கம், தூண், முப்பத்தெட்டு இதையெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஓய்வு என்ற செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை எழுதியவர் யார் என்றார். என்னை லேப்டாப் முன்னால் தள்ளினார்கள்.

முப்பத்தெட்டு ஆண்டு எப்படி வந்தது என்று கேட்டார்.

"பழைய ஃபைல் சார். எடுக்க விட்டுப்போச்சு."

"பணி நிறைவுன்னு இருக்கே, அது யார் எழுதச் சொன்னது?"

"அதுவும் பழைய ஃபைல்ல இருந்ததுதான் சார்."

குழுவில் ஒருத்தர் அவசரமாக மைக்கை அணைத்தார். கேமராவை அணைக்க மறந்துவிட்டார், தோள் குலுங்குவது தெரிந்தது.

ஆனால் தலைவர் அதோடு விடவில்லை. அடுத்து கௌதம்ராஜைக் கூப்பிட்டார். பேனர் கிடக்கட்டும், அந்த மேடையில் நின்றது நீதானே, ஏன் மறுக்கவில்லை? இரண்டு கையிலும் கட்டை இருந்தது சார் என்றான். சரி, இப்போது கேட்கிறேன், நீ ஓய்வு பெறுகிறாயா, ஆட விரும்புகிறாயா என்றார். கிளப் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தேவகிருபை ஒரு வாரமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். 'மருத்துவ முடிவுக்கு உட்பட்டு' என்று ஆரம்பிக்கிற வாக்கியம். இனி ஆட முடியாது என்று அவன் வாயால் வந்துவிட்டால், தானாகப் போனான் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பதினாலு மாதமும் ஆபரேஷனும் போய்விடும்.

அவனுக்கு அந்த வாக்கியம் மறந்துவிட்டது.

"ஆடணும் சார்" என்றான். "டாக்டர் வேண்டாங்காரு. முட்டி கேக்க மாட்டேங்கு. எனக்கு ஆடணும்."

கூட வந்திருந்த கண்ணுச்சாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய், கீழே நிறுத்தியிருந்த மினி பஸ்ஸை யாராவது எடுத்துக்கொண்டு போகிறார்களா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரர் ஓய்வு பெற்றதாக எடுத்துக்கொள்ள முடியாது. கிளப் தன் டாக்டரிடமே காட்டட்டும். தகுதி இல்லை என்று அவரும் சொன்னால், காயத்தின் பேரில் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், மீதிச் சம்பளமும் மருத்துவச் செலவும் முழுதாகத் தர வேண்டும். கிளப் டாக்டரும் மதுரை டாக்டர் சொன்னதையே சொன்னார். ஆபரேஷன் நடந்தது. கட்டை இரண்டிலிருந்து ஒன்றாகி, ஒன்றும் இல்லாமலானது. பணம் இரண்டு தவணையில் வந்தது. பிறகு ஒப்பந்தத்தை முடிக்கிற கடிதம் வந்தது. அதில் கையெழுத்துப் போட ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

போட்டுவிட்டு, "நான் எந்தத் தேதி வரைக்கும் அக்கா ஆட்டக்காரன்?" என்று கௌதம்ராஜ் கேட்டான். தேவகிருபை கடிதத்தைத் திருப்பிப் பார்த்து, நாளை சாயங்காலம் ஐந்து மணி வரை என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு, கிளப் பனியனும் டிராக் பேண்டும் போட்டுக்கொண்டு, பெரிய கிட் பையோடு கௌதம்ராஜ் மினி பஸ் முன்னால் நின்றான். பையைக் கண்ணுச்சாமியின் காலடியில் போட்டான்.

"அஞ்சு மணி வரைக்கும் நான் புரொஃபஷனல் பிளேயர்லே. பையைத் தூக்கு."

கண்ணுச்சாமி வண்டிக்கு மாற்று டிரைவர் போட்டுவிட்டு அன்று முழுக்கத் தூக்கினான். பூட்ஸ், கட்டுத்துணி, ஐஸ் பாக்கெட் என்று பை நல்ல கனம். நொண்டி நொண்டி இவன் முன்னால் போக, அவன் பின்னால் போனான். டீக்கடையில் டீயைக் கண்ணுச்சாமி முதலில் குடித்து, சூடு சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கடைக்கு வந்து, யாரும் கேட்காமலே கௌதம்ராஜ் என் பில் புக்கில் ஆட்டோகிராஃப் போட்டான், அது முதலாளிக்குப் பிறகு கணக்கில் இடித்தது. வெயிலில் ராஜபாளையம் முழுக்கச் சுற்றினார்கள். எதற்கு என்று கேட்டால், தொழில்முறை ஆட்டக்காரனிடம் ஓட்டுநர் கேள்வி கேட்கக் கூடாது என்று விதியாம்.

சாயங்காலம் இருவரும் கடையைத் தாண்டித் திரும்பிப் போனபோது நான் வாசலில் நின்றேன். பழைய பஸ் ஸ்டாண்டு முன்னால், நடு ரோட்டுக்கு நாலடி தள்ளி, கண்ணுச்சாமி நின்று செல்போனை எடுத்து மணி பார்த்தான். பையை அந்த இடத்திலேயே மெதுவாக இறக்கி வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சேத்தூர் வண்டி நிற்கிற பக்கம் நடந்தான்.

கௌதம்ராஜ் பத்தடி போன பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டுகொண்டான். திரும்பி வந்தான். பின்னால் தேனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. பையைப் பார்த்தான், போகிறவன் முதுகைப் பார்த்தான். பிறகு நல்ல காலை ஊன்றி, குனிந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏலே, நில்லுலே, நானும் வாரேன்" என்று பின்னாலேயே போனான்.