அக்கா வீட்டு ரெக்கார்டு கம்பெனி

தம்பியின் ராக் குழுவை எந்த ரெக்கார்டு கம்பெனியும் வாசற்படி ஏற்றவில்லை. "நாமே ஒண்ணு ஆரம்பிச்சா என்னக்கா?" என்று கேட்டான். அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆரம்பி. அட்டைப்பெட்டியை மட்டும் என் கட்டில்ல வைக்காதே" என்றாள். கட்டிலில்தான் வைத்தார்கள்.

முதல் இசைத்தட்டின் நடுவில் பாட்டுப் பெயர் அச்சடித்த வட்டச் சீட்டு ஒட்டியவள் அவள். அவசரத்தில் முதல் பக்கத்துச் சீட்டு இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அத்தனை பிரதியிலும். வாங்கியவர்கள் குறும்பு என்று கொண்டாடினார்கள். அதன்பின் எல்லாத் தட்டிலும் மாற்றியே ஒட்டினார்கள். பேட்டியில் தம்பி அது தன் யோசனை என்றான்.

வேறு குழுக்களும் வந்தன. ஒப்பந்தமெல்லாம் கிடையாது. பாட்டைப் பதிவு செய்த மூல ஒலிநாடாவை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஈரம் படாமல் அவள் துணி அலமாரியில் அடுக்குவாள். கடைசியாக ஒரு குழுவின் மூன்று பெண்கள் கொடுத்தார்கள். "அடுத்தது உங்களோடதுதான்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வாரமே தம்பி வேனோடு வந்தான்.

"பெரிய கம்பெனிக்கு வித்தாச்சுக்கா. டேப்பையெல்லாம் எடுத்துக் குடு."

"பொண்ணுங்க ரெக்கார்டு?"

"அவங்களுக்கு எங்க பாட்டுதான் வேணும். மத்ததைச் சும்மா வாங்கி வச்சுப்பாங்க."

"வச்சு?"

"பூட்டி வைப்பாங்க. போட்டி இருக்காதுல்ல."

அலமாரியைத் திறந்து அவன் குழுவின் நாடாக்களை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உன்னுதைத் தூக்கிட்டுப் போ."

"மொத்தமா இல்லேன்னா அவங்க வாங்க மாட்டாங்க."

"அடுத்தவ பெத்த பிள்ளையை விக்க நீ யாருடா?"

"கம்பெனி என்னுதுக்கா."

"கம்பெனி உன்னுதுதான். டேப்பை உன் கையிலயா குடுத்தாங்க?"

அவள் பெண்களுக்கு போன் செய்தாள். "இப்பவே வாங்க. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க."

அவர்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது தம்பி படியில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தான்.

"என் வாழ்க்கையைக் கெடுக்கிறே நீ."

"ஆமா. காலை எடு."

எடுக்கவில்லை. அவள் குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். சுவரோடு ஒட்டியபடி பெண்கள் ஏறிப் போனார்கள். அவன் கைபேசியைக் காதில் வைத்து, பெரிய கம்பெனிக்காரரிடம், "அஞ்சு நிமிஷம் சார், எங்க அக்காதான், பேசிட்டிருக்கேன்" என்றான்.